நாங்க வாங்கிய காற்றுப் படகு

அவர் ‘நான்’ என்று சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

தெற்கே கூலாயில் அறை தேடிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கார அக்காவோடு முதலில் தொலைபேசியில்தான் பேசினேன். சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்து, செனாய்ப் பக்கம் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். “நாங்க சீக்கிரம் படுத்துருவோம் மா. சத்தம் போட மாட்டோம். நாங்க சமைக்கறது புடிச்சா சாப்புடு, இல்லாட்டி அடுப்பு இருக்கு, நீயே போட்டுக்க” என்றார். குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். கணவர், இரண்டு பிள்ளைகள், ஒருவேளை மாமியார். காலையில் குளியலறை எந்த நேரத்தில் காலியாக இருக்கும் என்பது உட்பட, கேட்க வேண்டிய கேள்விகளைக் கைப்பேசியில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

மின்தூக்கி இல்லாத பழைய பிளாட். மூன்றாவது மாடி. வாசலில் பெரிய அளவில் ஓர் ஆண் செருப்பு ஜோடி. கதவைத் திறந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, தோள் அகன்ற பெண். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் என்று சொல்லியிருந்தார். உள்ளே கூடம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. பாத்திரத் தட்டில் ஒரே ஒரு குவளை கவிழ்ந்திருந்தது.

“மத்தவங்கள்லாம் வெளிய போயிருக்காங்களா அக்கா?”

“யாரு மத்தவங்க? நாங்கதான்” என்றார்.

என் கேள்விகளில் பாதியை அங்கேயே அழித்துவிட்டேன்.

அவர் பேச்சில் ஒருமை கிடையாது. தலை வலித்தால் “எங்களுக்குத் தலைய வலிக்குது.” காப்பி போட்டால் “நாங்க கோப்பி கலக்கறோம், உனக்கு வேணுமா?” கேஸ் கொண்டுவரும் ஆள் கீழேயிருந்து கூப்பிட்டால் சன்னலில் எட்டிப்பார்த்து, “நாங்க வீட்லதான் இருக்கோம், ஏறி வாங்க” என்பார். அந்த ஆண் செருப்பு யாருடையதும் இல்லை. பசார் மாலாமில், இரவுச் சந்தையில், வாங்கியது. அதை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பார். ஒரு நாள் கதவோரம், ஒரு நாள் படியோரம், சில நாள் ஒன்றை மட்டும் கோணலாக. “ஒரே எடத்துல கெடந்தா தூசி காட்டிக் குடுத்துரும் லா” என்றார். அதைக் காலால் தள்ளிச் சரிசெய்யும்போது, யாரோ சோம்பேறி ஒருவனைக் கடிந்துகொள்வதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

முதலில், இறந்துபோன கணவர் யாராவது இருக்க வேண்டும் என்று கணித்தேன். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறகு, வேனில் ஏறும் பிள்ளைகளைச் சேர்த்துத்தான் ‘நாங்க’ என்கிறார் என்று எண்ணினேன். அது பாதி நாளுக்குப் பொருந்தியது. விடியுமுன் கிளம்பி, கம்பத்துக் கிராமத்துப் பிள்ளைகள், பிளாட் பிள்ளைகள், செடெனாக் சாலையோரத் தாமான் குடியிருப்புகளில் இருக்கும் பிள்ளைகள் என்று வேன் நிறைய ஏற்றிக்கொண்டு போவார். பள்ளி முடிந்து கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அதே ‘நாங்க’தான். “நாங்க வர்ற வழியில மீன் வாங்கிட்டு வந்துட்டோம்.” காலி வேனில், ஒரு பொட்டலம் மீனோடு.

பள்ளி விடுமுறை நாட்கள்தான் அவருக்குக் கடினம். வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிடுவார். குளித்து, தலை முடிந்து, சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய் வேனில் உட்கார்ந்து வானொலி கேட்பார். நான் வேலைக்கு இறங்கும்போது ஓட்டுநர் இருக்கையிலிருந்து கையசைப்பார். பின்னால் வரிசை வரிசையாக வெற்று இருக்கைகள். நான் கையசைத்துவிட்டுப் போவேன். என் மதிய உணவும் அப்படித்தான் இருந்தது என்பதால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. தொழிற்சாலை உணவகத்தில் மூலை மேசையில் உட்கார்ந்து, அளவுப் பதிவுகளைப் பார்த்தபடி சாப்பிடுவேன். நான் மட்டும் அதற்கு ‘நான்’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினேன்.

அப்படி ஒரு விடுமுறையில்தான் காயாக் படகுப் பேச்சு வந்தது. கைப்பேசியில் ஒரு காணொளியை நீட்டினார். ஒரு பெண் பையிலிருந்து துணிபோல் எதையோ விரித்து, பம்ப் அடித்து, படகாக்கி, ஏரியில் போகிறாள்.

“இது நல்லதா பாத்துச் சொல்லு மா. நீதான் பிளாஸ்டிக் படிச்சவளாச்சே.”

“மீன் புடிக்கவா அக்கா?”

“மீன் என்னா பாவம் செஞ்சிச்சு. சும்மா மெதக்கணும். லாயாங் லாயாங் ஊரத் தாண்டி அந்த டேம் இருக்குல, பிள்ளைங்கள டூருக்குக் கூட்டிக்கிட்டுப் போறப்பல்லாம் பாப்போம். அந்தப் பக்கத்துக் கரைக்குப் போனதே இல்ல.”

இப்படி ஒரு வேலையை எவரும் என்னிடம் அதுவரை கொடுத்ததில்லை. அன்று மாலையே அட்டவணை ஒன்றைத் திறந்தேன். காற்றடைக்கும் படகு ஏன் என்பதில் சந்தேகமே இல்லை: கெட்டிப் படகை வைக்க மூன்றாம் மாடியில் இடமில்லை. அதற்குமேல் எடுத்த ஒவ்வொரு முடிவும் அடுத்ததைப் பாதித்தது. குறைந்தது மூன்று தனித்தனிக் காற்றறைகள் வேண்டும், ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். தரைப்பகுதி மெத்தைபோல் இருந்தால் நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு தாள்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கான நூல்கள் கோத்து, அழுத்தமாகக் காற்றடைக்கும் தரை என்றால் பலகைபோல் நிற்கும், ஆனால் கனம் கூடும். அடியில் மீன் துடுப்புபோல் கழற்றிமாட்டும் வால் ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பு போடும் ஒவ்வொரு முறையும் படகின் மூக்கு இடமும் வலமும் ஆடும். நனைந்தபடி மடித்தால் பூசணம் பிடிக்கும். மூடிய வேனுக்குள் விட்டால் வெயிலில் காற்று விரிந்து தையல் பிளக்கும், பசையும் இளகும். ஆகவே ஒவ்வொரு முறையும் மாடிக்குத்தான் தூக்கிவர வேண்டும்.

எல்லாம் கடைசியில் கனத்தில் வந்து நின்றது. ஒருவர் போகும் படகை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் தனியாக ஏறிவிடலாம். இருவர் போகும் படகு, துடுப்பும் பம்ப்பும் சேர்ந்து, படி ஏறும் ஒருவரால் ஆகாத சுமை.

“ஒத்த சீட்டு வாங்குங்க அக்கா” என்றேன். “நீங்க தனியா தூக்கணும்ல.”

அவர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. “ஒத்த சீட்டு வேணாம்.”

“ஏன்?”

“கரையில நிக்கறவன் பாத்தா என்னா நெனப்பான்?”

“காயாக்ல ஒருத்தர் போறாங்கன்னு நெனப்பான்.”

“அதான் வேணாங்கறோம்.”

மறுநாள் வேலையில் இருந்தபோது ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவருக்குத் தமிழில் தட்டச்சு வராது. எழுதுவதெல்லாம் ஆங்கிலம்தான். இருவர் உட்காரும் படகையே நாம் எடுத்துக்கொள்ளலாம் என்றோ, நாங்கள் அதையே எடுத்துக்கொள்கிறோம் என்றோ அதைத் தமிழாக்கலாம். தமிழில் நாங்க வேறு, நாம் என்கிற நம்ப வேறு. கேட்கிறவள் உள்ளே இருக்கிறாளா வெளியே நிற்கிறாளா என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும். மலாயிலும் காமி வேறு, கித்தா வேறு. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘வீ’தான். அந்த ‘வீ’யை நான் அவருடைய வழக்கமான ‘நாங்க’ என்றே படித்தேன். வேறுவிதமாகப் படிக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மாலையில் அட்டவணையின் கடைசி வரிசையை நிரப்ப உட்கார்ந்தேன். படகு எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று தெரிந்தால்தான் நீளத்தை முடிவு செய்யலாம். அவருடைய எடையைக் கேட்டேன், சொன்னார். பிறகு, அவரைச் சங்கடப்படுத்தாத குரலில், “அந்த இன்னொருத்தர் எவ்ளோ கிலோ இருப்பாங்க அக்கா? ஒரு தோராயமா” என்றேன்.

அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

“அதை எங்களக் கேட்டா? நீ எவ்ளோ கிலோ?”

“நானா?”

“பின்ன, செருப்பா வந்து உக்காரப் போவுது?”

என் எடையை அட்டவணையில் எழுதினேன். அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைவு.

படகு வந்தது. பச்சை நிறம், இரண்டு இருக்கை. பின்னிருக்கையை நடுவுக்கு நகர்த்தி ஒருவர் மட்டும் போகும்படியும் மாற்றிக்கொள்ளலாம், அதனால்தான் அந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்கினேன். எதிர்காலத்துக்கான ஏற்பாடு என்றேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. லைஃப் ஜாக்கெட் வாங்க நானும் அவரும் சேர்ந்து போனோம். என் தோள்பட்டைக்கு ஏற்றதை நான்கைந்து முறை மாட்டிப் பார்க்கவைத்தார். பட்டைகளை இழுத்துவிட்டு, பள்ளிப் பையைச் சரிசெய்வதுபோல் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

முதல் முறை டேமுக்குப் போனபோது பம்ப் அடித்தே களைத்துப்போனோம். அவர் தரையை முதலில் அடைக்க, நான் பக்க அறைகளை முதலில் அடைக்க வேண்டும் என்று சொல்ல, காற்றையெல்லாம் இறக்கிவிட்டு மறுபடி தொடங்கினோம். முன் இருக்கையில் என்னை உட்காரவைத்தார். பின்னால் இருப்பவர்தான் திசை பார்க்க வேண்டும், அது வேன் ஓட்டுகிறவர் வேலை என்றார். தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருந்தது. மூழ்கிச் செத்த மரங்கள் ஆங்காங்கே வெள்ளையாக நின்றன. துடுப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன.

“நீ முன்னாடி இருக்க, நீதான் கணக்கா போடணும். நாங்க பாத்துப் போடறோம்.”

“அக்கா, தண்ணியிலயாவது நம்பன்னு சொல்லுங்களேன்.”

“சரி. நம்ப பாத்துப் போடுவோம். நீ மொதல்ல போடு.”

மோதல் நின்றது. எதிர்க்கரையில் பெரிதாக ஒன்றுமில்லை. செம்பனை மரங்கள், ஒரு பழைய நீர்க்குழாய், குரங்குகள். அவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். கரையைத் தொட்டுவிட்டு, இறங்காமலே திரும்பினோம்.

திரும்பும் வழியில், நடுத்தண்ணீரில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒரு வெள்ளத்துக் கதை சொன்னார். அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் சிகாமட் ஊர்க்காரர். இளவயதில் அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்திருக்கிறார். ஆற்றுத் தண்ணீர் ஏறியபோது மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் முன்பே போய்விட்டார்கள். இவரைக் கூப்பிட யாருக்கும் நினைவில்லை.

“படகு வந்துச்சு மா. ஊர்க்காரனுங்கதான், பாவம், ஓயாம ஓட்டிக்கிட்டு இருந்தானுங்க. இந்தப் பக்கமே ரெண்டு தடவ போச்சு. எத்தன பேருன்னு கீழேருந்து கேக்கறான். ஒரு ஆளுன்னு வெரலக் காட்டினோம். இருங்க, அந்தப் பக்கம் குடும்பமா இருக்காங்க, அவங்கள ஏத்திட்டு வர்றோம்னு போயிட்டான். ரெண்டாவது தடவையும் அதே.”

“அவங்க செஞ்சது சரிதானே அக்கா, ஒரு வகையில.”

“யாரு தப்புன்னா? சரிதான். மூணாவது தடவ வந்தப்ப சன்னல்லேருந்து கத்துனோம், நாங்க இருக்கோம், நாங்க இங்க இருக்கோம்னு. மலாய்லதான். காமி, காமின்னு. படகு திரும்பிருச்சு.”

“அப்புறம்?”

“எறங்கி ஏறி உக்காந்தோம். அவன் மாடிப்படியையே பாக்கறான். மத்தவங்க எங்கன்னு கேக்கறான்.”

“என்ன சொன்னீங்க?”

“வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னோம்.”

நான் சிரித்துவிட்டேன். படகு ஆடியது. அவரும் சிரிப்பது முதுகில் தெரிந்தது. “கொஞ்ச நேரம் நின்னான் மா, பாவம். உண்மையாவே நின்னான்.”

“அப்பத்துலேருந்துதான் நாங்கன்னு பேசறீங்களா?”

“சீச்சீ. அதுக்கு முன்னாடியே அப்படித்தான். அன்னைக்குத்தான் அது ஒரு வேலைக்கு ஆச்சு.”

அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பலமுறை போனோம். மூன்று மாடிக்கும் பையின் ஒரு கைப்பிடி அவருக்கு, ஒன்று எனக்கு. வளைவுகளில் அவர் “கோஸ்தான், கோஸ்தான்” என்று வேனைப் பின்னுக்கு எடுப்பதுபோல் சொல்வார். கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். படகைக் கூடத்தில் விரித்துக் காயவைத்தால் இருவருக்கும் நடக்க இடமிருக்காது. சுவரோடு ஒட்டிப்போய் அடுப்படியில் நின்றே சாப்பிடுவோம். என் அட்டவணையில் ‘நன்மைகள்’ என்றொரு பத்தி இருந்தது. இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பினாங்கில் வேலை கிடைத்தது. நல்ல பதவி, அம்மா வீட்டுக்கும் பக்கம். சொன்ன அன்றே அவர் கோழிக்கறி வைத்தார். “நல்லது மா. பெரிய வேலை. எங்களுக்குச் சந்தோசம்” என்றார். அறைக்கு வேறு ஆள் பார்த்துத் தரவா என்றேன். பார்க்கலாம் என்றார். படகைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். பின்னிருக்கையை எப்படி நடுவுக்கு நகர்த்துவது என்று காட்டினேன். இரண்டு கொக்கிகள், இரண்டு பட்டைகள், சுலபம். தனியாகப் பின்னால் உட்கார்ந்தால் மூக்கு மேலே தூக்கும், காற்று படகைச் சுழற்றும், அதனால் கட்டாயம் நடுவில்தான் உட்கார வேண்டும். அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்டுக்காட்டிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் பார்த்தபோது இருக்கை பழைய இடத்துக்கே போயிருந்தது.

கிளம்பிய நாளில் என் பெட்டிகளை வாசல்வரை எடுத்துவந்து கொடுத்தார். கீழே வாடகைக் கார் ஹாரன் அடித்தது. நான் படியில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அந்தச் செருப்பு.

“நான் கீழ வரல மா” என்றார். “முட்டி வலிக்குது.”

கார் நெடுஞ்சாலை ஏறி, யோங் பெங்கைத் தாண்டிய பிறகுதான் அந்த ‘நான்’ எனக்கு உறைத்தது.

பினாங்கு போன பிறகு எப்போதாவது பேசிக்கொள்வோம். பிள்ளைகள், வேன், புதிய சாலைக்குழிகள். அறையை அவர் வாடகைக்கு விடவில்லை. காயாக்கைப் பற்றி நான் கேட்டால், இருக்கு, நல்லாத்தான் இருக்கு என்பார். கூடத்தில் பையோடு அது கிடப்பதை நினைத்துக்கொள்வேன். ஒருவரால் தூக்க முடியாத கனம் என்று கணக்கிட்டுச் சொன்னவள் நான். கணக்கு சரிதான்.

அடுத்த பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிறு காலை, துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. டேம் தண்ணீர். பின்னிருக்கையிலிருந்து எடுத்தது. பச்சை மூக்கு கொஞ்சம் தூக்கியபடி நிற்கிறது. முன் இருக்கை அதன் இடத்திலேயே இருக்கிறது. அதன் முதுகில் என் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, பட்டைகளை ஒழுங்காக இழுத்துவிட்டிருந்தார். ஜாக்கெட்டுக்குள் ஒரு பெரிய தண்ணீர்க் கேன், மூக்கு இன்னும் எழாமல் இருப்பதற்கு. எதிர்க்கரை பக்கத்தில் தெரிந்தது. கீழே ஆங்கிலத்தில் வந்து சேர்ந்துவிட்டதாக ஒரு வரி, அந்த ‘வீ’யோடு.

ஈரக் கையோடு கூப்பிட்டேன்.

“அக்கா, யாரு தூக்கிவிட்டாங்க? மூணு மாடி.”

“நாங்கதான்.”

“அந்தக் கனத்தையா? முட்டி என்னாகறது?”

“ரெண்டு நடை மா. மொத நடைக்கு சீட்டு, துடுப்பு, பம்ப்பு. அடுத்த நடைக்கு படகு மட்டும், படிப்படியா உக்காரவெச்சு உக்காரவெச்சு. ஒருத்தி ரெண்டு நடை நடந்தா ரெண்டு பேருதானே. இதுக்குப் போயி அட்டவணை போட்டுக்கிட்டு.”

தொலைபேசியில் அவர் பக்கம் தண்ணீர் படகின்மேல் மெல்ல அறைந்துகொண்டிருந்தது. தொலைவில் குரங்குகளின் சத்தம். என் பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோய், அறை அமைதியாகிவிட்டது.

“காத்து இருக்கா அக்கா?”

“லேசா இருக்கு. மூக்கு அங்கிட்டும் இங்கிட்டும் போவுது. முன்னாடி இருக்கறது துடுப்பு போட மாட்டேங்குதுல்ல.”

அடுத்த மாதம் நீண்ட விடுமுறை ஒன்று வருகிறது, பேருந்தில் ஓர் இரவுப் பயணம்தான் என்றெல்லாம் மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடியது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

“மத்தவங்க எங்க அக்கா?”

துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் ஒரு முறை கேட்டது. பிறகு இன்னொரு முறை.

“வந்துக்கிட்டு இருக்காங்க” என்றார்.